பிக்கப் முதுகில் பனிக்காலம்: டிரக் கேம்பர் கேள்வி–பதில்

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றிக்கொண்டு போய், வேண்டாதபோது இறக்கி வைத்துவிடும் வீட்டுக்கூண்டுதான் டிரக் கேம்பர். கோடையில் அதை யாரும் சமாளித்துவிடலாம். ஸ்கீ (பனிச்சறுக்கு) பருவத்தில்தான் அதன் சோதனை. வட அமெரிக்க வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பனிக்காலத்தைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னிடம் அரை டன் ரகம் என்று சொல்லப்படும் பிக்கப் இருக்கிறது. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது. 520 கிலோ பாப்-அப் கேம்பர் (கூரையை உயர்த்தி இறக்கும் வகை) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மிச்சம் 230 கிலோ. நானும் மனைவியும் ஸ்கீ சாமான்களோடு போய்வர அது தாராளம்தானே?
— வாசகர், கால்கரி

பதில்: போதாது. அந்த 750 கிலோவில் நீங்கள் இருவருமே அடக்கம். விற்பனைத் தாளில் இருக்கும் 520 கிலோவோ வெறும் கூண்டின் எடை. ஃபர்னஸ் (உள்ளே சூடேற்றும் கருவி), பேட்டரி, ஃபிரிட்ஜ், சோலார் தகடு என்று நீங்கள் டிக் செய்யும் ஒவ்வொன்றும் அதன்மேல் ஏறும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கூண்டு 520, கூடுதல் பொருத்தங்கள் 110, குளிர் உடையோடு இரண்டு பேர் 160, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட், உடைகள் 40, படுக்கை, பாத்திரம், சாப்பாடு 45, நிரப்பிய 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் 17, சங்கிலி, மண்வெட்டி, இழுகயிறு 20. மொத்தம் 952 கிலோ. 200 கிலோ அதிகம்.

இதற்கு ஏர் பேக் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். ஏர் பேக்கும் கூடுதல் லீஃப் ஸ்ப்ரிங்கும் வண்டியின் பின்பக்கத் தொய்வை நிமிர்த்தும், அவ்வளவுதான். ஆக்ஸில், பேரிங், பிரேக், வீல் எல்லாம் பழையவையே. ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு கிலோ கூட ஏறாது. பனி உறைந்த இறக்கத்தில் நிறுத்தும் தூரம் நீளும்போது இந்த 200 கிலோ தன் வேலையைக் காட்டும்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. உள்ளே எதுவும் இல்லாத கூடு மாதிரியான பாப்-அப், 200 முதல் 250 கிலோவுக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி, அடுப்பும் பெட்டியும் நீங்களே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முக்கால் டன் பிக்கப்புக்கு மாறுங்கள். பின்கதவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் 25 கிலோவுக்குக் குறையாமல் மிச்சமாகும். அது செலவில்லாத லாபம். எது வாங்கினாலும் எல்லாம் ஏற்றி, ஆட்களோடு, லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். மொத்த எடையோடு பின் ஆக்ஸில் எடையையும் தனியாகப் பாருங்கள். கேம்பர் வண்டிகளில் முதலில் வரம்பு மீறுவது அதுதான். கேம்பரின் பக்கவாட்டில் எடைமையத்துக்கு ஒரு குறி இருக்கும். அது பின் ஆக்ஸிலுக்கு நேராகவோ சற்று முன்னாலோ விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன்சக்கரங்கள் இலேசாகிவிடும். பனியில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

டயர் பற்றி ஒரு வார்த்தை. கேம்பருக்கு அதிக பாரம் தாங்கும் லோட் ரேஞ்ச் ஈ டயர்தான் வேண்டும், பக்கச்சுவரில் மலையும் பனித்துகளும் பொறித்த குறியோடு. பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்பது கார் டயருக்கான கணக்கு. 65 பி.எஸ்.ஐ. நிரப்பும் டயரில் சரிவு அதைவிட அதிகம். 15 டிகிரி செல்சியஸ் கராஜில் காற்றடித்துவிட்டு மைனஸ் 25-க்கு ஓட்டிப் போனால் ஏறக்குறைய 11 பி.எஸ்.ஐ. காணாமல் போயிருக்கும். மலையடிவாரத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது மறுபடி அளந்து நிரப்புங்கள்.

கேள்வி: ஸ்கீ, பூட்ஸ், ஈர உடை எல்லாவற்றையும் எங்கே வைப்பது என்பதே எங்களுக்குப் பெரிய தலைவலி. ஐந்தரை அடித் தொட்டி, பாப்-அப் கேம்பர். ஸ்கீ 178 செ.மீ. இப்போதைக்கு எல்லாம் தரையில் குவிந்து கிடக்கிறது. காலையில் பூட்ஸ் ஈரமாகவே இருக்கிறது.
— வாசகி, சியாட்டில்

பதில்: ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கப் பார்ப்பதால்தான் இந்தத் தலைவலி. ஸ்கீக்குக் குளிர் வேண்டும். பூட்ஸுக்குச் சூடு வேண்டும். இரண்டையும் முதலில் பிரித்துவிடுங்கள்.

ஐந்தரை அடித் தொட்டியின் உள்நீளம் சுமார் 170 செ.மீ. உங்கள் ஸ்கீ தரையில் நேராகப் படுக்காது. கூரையை இறக்கிய பாப்-அப்பில் நிமிர்த்தி வைக்கவும் முடியாது. ஓட்டும்போது மேல்படுக்கையில் தார்ப்பாய் விரித்துக் கிடத்துகிறவர்கள் உண்டு. திரும்பி வரும்போது பனி உருகி மெத்தைக்குள் இறங்கும், அதனால் அது வேண்டாம். வெளியே, பூட்டுப் போட்ட மூடிய பெட்டிதான் ஸ்கீக்குச் சரியான இடம். கதகதப்பான கேம்பரிலிருந்து எடுத்த ஸ்கீயைப் பனியில் போட்டால் அடிப்பரப்பில் பட்ட பனி உருகி, உடனே மறுபடி உறைந்து கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கின் இடுக்குகளிலும் இதேதான் நடக்கும். வெளிக்குளிரிலேயே இருந்த ஸ்கீக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இரண்டு ஜோடிக்கு உள்ளளவு 190 × 35 × 25 செ.மீ. இருந்தால் போதும். ஒரு ஜோடியின் முனையும் மற்றதன் வாலும் ஒரே பக்கம் வரும்படி மாற்றிப் படுக்க வையுங்கள். பெட்டியைக் கூரையில் வைப்பதா, பின்னால் ஹிட்ச்சில் (இழுவைக் கொக்கியில்) வைப்பதா? பின்பக்கப் பெட்டி கைக்கெட்டும், ஏணி வேண்டாம். ஆனால் ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று சாலை உப்பையெல்லாம் அங்கேதான் கொண்டுவந்து அப்பும். கேம்பர் கதவையும் பின்விளக்குகளையும் அது மறைக்கக்கூடும். எங்கள் ஓட்டு கூரைக்கே. பாப்-அப்பாக இருந்தால், கூரையைத் தூக்கும் கேஸ் ஸ்ட்ரட் அந்தக் கூடுதல் எடைக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள். எங்கே வைத்தாலும் மூடி ரப்பர் முழுசாக இருக்கட்டும், பெட்டியின் அடியில் இரு முனையிலும் 8 மி.மீ. வடிகால் துளை ஒவ்வொன்று போடுங்கள்.

வைப்பதற்கு முன் எஃகு விளிம்பைத் துணியால் துடைக்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பஞ்சு வைத்த ஸ்கீ பையில் ஈரத்தோடு போட்டு மூடினால் மறுநாள் காலை விளிம்பில் துரு செம்மண் நிறத்தில் பூத்திருக்கும். சாலை உப்பும் சேர்ந்துவிட்டால் சொல்ல வேண்டாம். பயணத்தின்போது பையே தேவையில்லை, இரண்டு வெல்க்ரோ பட்டை போதும்.

இனி பூட்ஸ். குளிர்ந்த பிளாஸ்டிக் ஓடு விறைத்துக்கொள்ளும். கால் நுழையாது, வலுக்கட்டாயமாக விரித்தால் ஓடு வெடிப்பதும் உண்டு. அதனால் பூட்ஸ் எப்போதும் உள்ளே. அதற்குக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு காயும் அலமாரி செய்யுங்கள். இரண்டு ஜோடிக்கு 40 செ.மீ. அகலம், 35 ஆழம், 75 உயரம் போதும். 12 மி.மீ. பிளைவுட், உட்பக்கம் முழுக்க இரண்டு கை எபாக்ஸியோ படகு வார்னிஷோ அடிக்க வேண்டும். பூச்சு இல்லாத பிளைவுட் ஒரே பருவத்தில் உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரியும். அடியில் 3 செ.மீ. விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு. அதற்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு மரச்சட்டம், அதில் நான்கு ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய்கள் சற்றுச் சாய்வாக மேல்நோக்கி நிற்கும். குழாயின் மேல்பாதியில் 8 மி.மீ. துளைகள் ஆறேழு போட்டு, பூட்ஸைத் தலைகீழாக அதில் மாட்ட வேண்டும்.

காற்று வர வேண்டியது கீழிருந்து. சட்டத்துக்கு அடியில் உள்ள இடத்தை நாற்புறமும் அடைத்துவிட்டு, அதனுள் 120 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை வையுங்கள். 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்தான் இழுக்கும். இரவு பத்து மணி நேரம் ஓடினாலும் 2 ஆம்பியர்-மணி. ஃபர்னஸ் குழாயிலிருந்து 2 அங்குலக் கிளை ஒன்றை இந்த விசிறிக்கு முன்னால் விடலாம், ஆனால் நேராகப் பூட்ஸுக்குள் விட வேண்டாம். ஃபர்னஸ் வாயில் காற்று மிகச் சூடாக இருக்கும். பூட்ஸின் உள்ளுறையான லைனரின் பசை விடும், நுரை அமுங்கி வடிவம் கெடும். பூட்ஸில் படும் காற்று 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. கை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. காயவைப்பது சூட்டைவிட அதிகமாகக் காற்றோட்டம்தான்.

பலர் செய்யத் தவறுவது வெளியேறும் வழி. அலமாரியின் மேல்பக்கம் 5 செ.மீ. துளை இல்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளேயே சுற்றும், காலையில் பூட்ஸ் வெதுவெதுப்பாகவும் நனைந்தும் இருக்கும். அந்தத் துளை கூரை விசிறியின் பக்கம் பார்த்திருந்தால் நல்லது. லைனர் நன்றாக நனைந்திருந்தால் கழற்றித் தனியே மாட்டுங்கள், பூட்ஸைக் கழற்றிய உடனே, ஓடு உடல் சூட்டில் இளகியிருக்கும்போதே. காய்ந்த பிறகு பக்கிள்களைத் தளர்வாகப் போட்டு வையுங்கள். திறந்தே விட்டால் ஓடு விரிந்த வடிவத்தில் பழகிவிடும்.

அலமாரியின் மேல்தட்டில் கையுறை, தொப்பி, கண்ணாடி. மலையேறும் ஸ்கீக்காரர்கள் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டைகளை இந்தச் சூடான காற்றுப் பாதையில் தொங்கவிடாதீர்கள். பசை இளகி நூலாக வரும். சாதாரண அறைச் சூட்டில், நிழலில் உலர்த்திப் பசைப்பக்கம் உள்ளே வருமாறு மடித்துவிடுங்கள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவரைக் கதவருகே தனிக் கொக்கியில், காய்ந்த இடத்தில் வையுங்கள். அல்கலைன் பேட்டரி மட்டும் போடுங்கள், தயாரிப்பாளரே வேறு சொல்லியிருந்தால் ஒழிய. பருவம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கசிந்த பேட்டரி தொடர்முனைகளை அரித்த பின் அது நம்பத் தகுந்த கருவி இல்லை.

கடைசியாக ஒரு தூரிகை. நல்ல குளிரில் உடையில் ஒட்டியுள்ள பனி தூசு மாதிரி உதிரும். வெளிப்படியில் நின்றே தோள், முழங்கால், பூட்ஸ் எல்லாவற்றையும் தட்டிவிட்டு உள்ளே வந்தால் காயவைக்க வேண்டிய தண்ணீரே பாதியாகக் குறையும்.

கேள்வி: கேம்பரில் தூங்க எது நல்லது? புரொப்பேன் ஃபர்னஸா, டீசல் ஹீட்டரா? கடையில் கிடைக்கும் சின்ன புரொப்பேன் ஹீட்டரே போதும் என்கிறார் நண்பர். நாங்கள் பெரும்பாலும் கொலராடோ மலையூர்களான லெட்வில், பிரெக்கன்ரிட்ஜ் பக்கம் போகிறோம்.
— வாசகர், டென்வர்

பதில்: நண்பரின் யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் எரியும் ஒவ்வொரு கிலோ புரொப்பேனும் 1.6 கிலோ தண்ணீரை அறைக்குள்ளேயே விடுகிறது. மணிக்கு 4,000 பி.டி.யு. (வெப்ப அளவு) வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டருக்கு மேல். அதெல்லாம் உங்கள் சுவரிலும் மெத்தைக்கு அடியிலும்தான் போய் உட்காரும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. ஆக்ஸிஜன் குறைந்தால் அணைந்துவிடும் பாதுகாப்பு உள்ள ஹீட்டர்கள் 7,000 அடிக்கு மேல் தாமாகவே அணைவதும் வழக்கம். லெட்வில் 10,000 அடியைத் தாண்டியது. நடுராத்திரியில் அணையும், நீங்கள் விறைத்து எழுவீர்கள்.

புரொப்பேன் ஃபர்னஸும் டீசல் ஹீட்டரும் எரிபுகையைத் தனிக்குழாய் வழியே வெளியே தள்ளுகின்றன, அதனால் உள்ளே வருவது உலர்ந்த சூடு. ஃபர்னஸில் சிலிண்டர் கணக்கு முக்கியம். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. 16,000 பி.டி.யு. ஃபர்னஸ் பாதி நேரம் எரிந்தால் மணிக்கு 8,000, ஆக 54 மணி நேரம். மாலை ஆறிலிருந்து காலை ஏழு வரை என்றால் நான்கு இரவு. கடுங்குளிரில் மூன்றுதான். மைனஸ் 42 டிகிரி வரை புரொப்பேன் ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் சிலிண்டர் கால்வாசிக்குக் கீழே போனபின், மைனஸ் 25-இல், ஃபர்னஸ் கேட்கும் வேகத்துக்கு அது ஆவியாவதில்லை. தீ தளர்ந்து, ஃபர்னஸ் பற்றவைக்கப் பார்த்துப் பார்த்து நின்றுவிடும். ஆகவே இரவு படுக்குமுன் நிறைந்த சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, குறைந்ததைப் பகலில் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரின் மூச்சுத்துளை கீழ்நோக்கி, சாலைச் சேறு படாமல் மூடாக்குக்குள் இருக்கட்டும்.

டீசல் ஹீட்டர் குறைந்த இடத்தில் அடங்கும். 2 கிலோவாட் அளவுள்ளது மணிக்கு 0.1 முதல் 0.28 லிட்டர்தான் குடிக்கும். பற்றவைக்கும்போது சில நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், பிறகு ஓரிரண்டு ஆம்பியர். உங்கள் ஊர்க்காரர்கள் இதில் அவதிப்படுவது உயரத்தால். 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு. எரிபொருள் பம்ப் மட்டும் பழைய அளவையே தட்டிக்கொண்டிருந்தால் டீசல் முழுக்க எரியாமல் ஹீட்டரின் எரியறைக்குள் கரி படியும். வெள்ளைப் புகை, பற்றாமல் திணறல், கடைசியில் எர்ரர் குறியீடு. காற்றழுத்தத்தை உணர்ந்து பம்பைத் தானே குறைத்துக்கொள்ளும் மாடலாகவோ, உயரத்துக்கான கிட் பொருத்தியதாகவோ வாங்குங்கள். இரவு முழுக்கக் குறைந்த அளவில் ஓடிய ஹீட்டரை அணைக்குமுன் 15–20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டால் படிந்த கரியில் கொஞ்சம் எரிந்துபோகும். அணைக்கும்போது சுவிட்சில்தான் அணைக்க வேண்டும். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினால் குளிரூட்டும் விசிறி நின்று, உள்ளே தேங்கிய சூடு பாகங்களைக் கெடுத்துவிடும்.

எங்கள் முடிவு: பிக்கப் டீசல் என்றால் டீசல் ஹீட்டர். பெட்ரோல் வண்டி, அடுப்பும் புரொப்பேன் என்றால் ஃபர்னஸே போதும், இன்னொரு எரிபொருளைச் சுமக்க வேண்டாம். இரண்டிலும் பொதுவான ஒன்று, புகைபோக்கி வாய். ராத்திரி பனி கொட்டியோ, பனி வாரும் வண்டி ஒதுக்கியோ அது மூடிக்கொண்டால் புகை உள்ளே திரும்பும். படுக்குமுன் ஒருமுறை, பனி பெய்யும் இரவில் நடுவே ஒருமுறை மண்வெட்டியோடு இறங்கிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையின் உயரத்தில் இருக்கட்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, அதனால் அதன் அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

கேள்வி: காலையில் ஜன்னல் உள்பக்கம் ஐஸ், மெத்தையைத் தூக்கினால் கீழே பலகை தண்ணீராகக் கிடக்கிறது. குளிர் வரக்கூடாதென்று எல்லாத் துவாரத்தையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறோம். நாங்கள் ப்ளூ மவுண்டன், மொன் ட்ராம்ப்ளாண் ஸ்கீ மையங்களுக்குப் போய்வருகிறவர்கள். இரவில் தரிப்பிடத்திலேயே தங்குவோம்.
— வாசகர், ஸ்காபரோ

பதில்: அடைத்ததுதான் காரணம். தூங்கும் இருவர் ஒரு இரவில் அரை லிட்டருக்குக் குறையாமல் ஈரத்தை மூச்சாலும் தோலாலும் விடுகிறார்கள். ஈர உடையும் தேநீர்க் கெட்டிலும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. அது வெளியேறாவிட்டால் குளிர்ந்த இடமாகப் பார்த்து வியர்க்கும்.

ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்துவிடுமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மைனஸ் 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 1 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அறைக்குள் 18 டிகிரியில், பாதி ஈரப்பதத்தில், அதே ஒரு கன மீட்டரில் 7 கிராமுக்கு மேல் இருக்கும். அதாவது வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உலர்ந்தது. மணிக்கு 11, 12 கன மீட்டர் மாற்றினாலே இருவர் விடும் ஈரம் போய்விடும். அந்தக் காற்றைச் சூடாக்க ஆகும் செலவு 150 வாட், ஃபர்னஸ் கணக்கில் 500 பி.டி.யு. சொச்சம். மேலே சொன்ன ஃபர்னஸோ 16,000 பி.டி.யு. தரக்கூடியது!

கூரை விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் விட்டு, மூடியை 2 செ.மீ. தூக்கி வையுங்கள். எதிர்மூலையில், கீழே, ஒரு ஜன்னலை விரற்கடை அளவு திறவுங்கள். மேலே மட்டும் திறந்து கீழே அடைத்தால் காற்று ஓடாது. சமைக்கும்போது விசிறியின் வேகத்தைக் கூட்டி, பாத்திரத்தை மூடியே வையுங்கள்.

மெத்தை விஷயம் வேறு. உடல் சூட்டில் ஈரம் மெத்தைக்குள் இறங்கி, குளிர்ந்த பலகையைத் தொட்டதும் தண்ணீராகிறது. பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே ஒன்றிரண்டு செ.மீ. காற்று ஓட இடம் வேண்டும். இதற்கென்றே விற்கும் முப்பரிமாண நைலான் வலைப்பாயோ, பிளாஸ்டிக் ஸ்ப்ரிங் தட்டுகளோ, மரப்பட்டிச் சட்டமோ போடுங்கள். பலகையில் துளை மட்டும் போட்டால் துளை உள்ள இடம் மட்டும்தான் காயும். காலையில் மெத்தையைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டுத்தான் ஸ்கீக்குக் கிளம்ப வேண்டும்.

ஜன்னலுக்கு, கண்ணாடி அளவுக்கு வெட்டிய, 12 மி.மீ. தடிமனுள்ள மூடிய-செல் நுரைத்தகடு. அது சட்டத்தோடு இறுக உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் அதன் பின்னால்தான் ஐஸ் பிடிக்கும். பாப்-அப் துணிச்சுவருக்கு வெல்க்ரோவில் ஒட்டும் உள்லைனர் கட்டாயம். அலுமினியச் சட்டம் தெரியும் இடங்களில் எது செய்தாலும் கொஞ்சம் வியர்க்கும். அங்கே காலையில் ஒரு துணி, அவ்வளவே.

கேள்வி: புது லித்தியம் பேட்டரி வாங்கினேன். 100 ஆம்பியர்-மணி. இரண்டாம் நாள் காலை வண்டியை ஓட்டியும் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி பழுதா?
— வாசகர், எட்மன்டன்

பதில்: பழுதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி மைனஸ் 20 வரை மின்சாரம் தரும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் எதிர்மின்முனைக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகமாகப் படிந்து, திறன் நிரந்தரமாகக் குறையும். அதனால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் தடுக்கிறது. மலிவான பேட்டரிகளில் இந்தத் தடுப்பே இருக்காது. அவை சமர்த்தாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு செத்துப்போகும்.

வெளிப்பெட்டியில் இருந்தால் உள்ளே, சூடான பக்கத்துக்கு மாற்றுங்கள். இருக்கைக்கு அடியே ஃபர்னஸ் குழாய் போகும் இடம் நல்லது. இல்லையென்றால் உள்ளே வெப்பத்தகடு உள்ள பேட்டரி வாங்க வேண்டும். டிசம்பரில் சோலாரை நம்பாதீர்கள். வெயில் தாழ்ந்து, குறைந்த நேரமே வரும், தகட்டின் மேல் பனி வேறு. 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை வண்டியின் ஆல்டர்னேட்டரோடு இணைத்தால் இரண்டு மணி ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி வரை திரும்பும். ஃபர்னஸ் விசிறி, பூட்ஸ் விசிறி, கூரை விசிறி, விளக்கு, போன் எல்லாம் சேர்ந்து உங்கள் ஓர் இரவுச் செலவு 30 முதல் 40-க்குள் அடங்கும். பூட்ஸுக்கு இன்வெர்ட்டரில் ஹேர் டிரையர் பிடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்தலாமா?
— வாசகி, சால்ட் லேக் சிட்டி

பதில்: தொட்டியும் குழாய்களும் முழுக்கச் சூடான பகுதிக்குள் இருந்தால் ஒழிய வேண்டாம். வீட்டிலேயே தண்ணீரை வடித்து, வாட்டர் ஹீட்டரை பைபாஸ் செய்து, புரொப்பிலீன் கிளைக்கால் உள்ள இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை இரண்டு மூன்று காலன் பம்பால் இழுத்து எல்லாக் குழாயிலும் நிரப்பிவிடுங்கள். காரின் பச்சை ஆன்டிஃப்ரீஸ் நஞ்சு, அதைத் தொடவே கூடாது. 10 லிட்டர் கேன் இரண்டை உள்ளே தரையில் வைத்துக்கொண்டால் இருவருக்கு இரண்டு நாள் தாராளம். 20 லிட்டர் கேன் வாங்கினால் தூக்கி ஊற்ற இடுப்பு போய்விடும். பாத்திரம் கழுவிய நீரை வாளியில் பிடியுங்கள். கேசட் கழிப்பறையில் (தொட்டியைத் தனியே கழற்றிக் கொட்டும் வகை) மருந்தோடு இரண்டு கப் அதே ஆன்டிஃப்ரீஸ்.

கேள்வி: பான்ஃப் பக்கம் ஸ்கீ மையத்தின் வாகன நிறுத்தத்திலேயே இரவு தங்கலாமா? சங்கிலி கட்டாயமா? கூரைப் பனியை என்ன செய்வது?
— வாசகர், வான்கூவர்

பதில்: பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் முகாம் இடங்களுக்கு வெளியே இரவு தங்க அனுமதி இல்லை. டனல் மவுண்டன் வில்லேஜ் 2-உம் லேக் லூயிஸின் கடினச்சுவர் வாகன முகாமும் குளிர்காலத்திலும் மின் இணைப்போடு இயங்குகின்றன. மின் இணைப்பு இருந்தால் எஞ்சின் பிளாக் ஹீட்டருக்கும் ஒரு நீண்ட வயர் எடுத்துப்போங்கள். பூங்காவுக்கு வெளியே ஒவ்வொரு ஸ்கீ மையத்துக்கும் ஒரு விதி. கிளம்புமுன் அவர்களிடமே கேளுங்கள்.

நீங்கள் வரும் பிரிட்டிஷ் கொலம்பியா மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம், டயர் பட்டனின் ஆழம் 3.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. சங்கிலி வாங்குமுன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். பல பெரிய பிக்கப்களில் பின்சக்கரத்துக்கு மட்டுமே அனுமதி. கேம்பர் ஏற்றியபின் பின்பக்கம் தாழும், சக்கரத்துக்கும் உடலுக்கும் இடைவெளி சுருங்கும். அதனால் ஏற்றிய வண்டியிலேயே, வீட்டு வாசலில், காய்ந்த தரையில் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். சாலையில் மாட்டிய பிறகு சில நூறு மீட்டர் ஓட்டி, இறங்கி, மறுபடி இறுக்குங்கள். தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயை அறுக்கும். கேம்பரை வண்டியோடு பிணைக்கும் டர்ன்பக்கிளையும் அப்போதே கையால் ஆட்டிப் பாருங்கள். உப்பு ஏறித் திருகு இறுகாமலிருக்கக் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.

கூரைப் பனி இலேசான விஷயம் இல்லை. 7 சதுர மீட்டர் கூரையில் 30 செ.மீ. பனி விழுந்து சற்றே அமுங்கினால் 200 கிலோ ஆகிவிடும். பாப்-அப் கூரையை இறக்குமுன்னும் ஏற்றுமுன்னும் அதைத் தள்ளியாக வேண்டும். கேஸ் ஸ்ட்ரட்டுகள் குளிரில் வலுவிழக்கும், பாரத்தோடு தூக்கினால் கூரை பாதியில் நின்று கோணிக்கொள்ளும். நுரைத்தலை உள்ள நீண்ட பனித்தள்ளியைப் பயன்படுத்துங்கள். உலோக மண்வெட்டி கூரைத் தகட்டையும் சோலாரையும் கீறிவிடும். அடியில் ஒட்டிய கடைசி ஒரு செ.மீ. ஐஸைச் சுரண்ட வேண்டாம், உள்ளே ஃபர்னஸ் ஓடினால் தானே இளகும். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறுமுன் அது முழுக்க விழுந்துவிட்டதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் போய் விழுவது அந்தத் தகடுதான்.